ஜீரோ பார்த்துக்கங்க

ஒரு நாளைக்கு முந்நூறு தடவை
சொல்கிற வார்த்தை.
என் முகத்தை யாரும் பார்ப்பதில்லை,
ஜீரோவைத்தான் பார்க்கிறார்கள்.
நான் முள்ளைப் பார்ப்பேன்.
மூடி திறக்கக் குனிகிறபோது
கண்ணாடி வழியே ஒரு எட்டு:
எங்கே நிற்கிறது,
எதுவரை இறங்கவிட்டு வந்திருக்கிறார்கள்.

பள்ளத்தூர் பிரிவில் எங்கள் பங்க்.
நாலு வருசத்தில்
முள்ளை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவேன்.

எல்.ஐ.சி. உண்ணாமலை மேடத்துக்கு
அரை டேங்க் குறைந்தால்
அடுப்பை அணைக்காமல் வந்த மாதிரி இருக்குமாம்.

புதுவயல் அரிசி ஆலை லோடு வண்டிகள்
நாளைக்கு விலை ஏறுது என்று
எவனாவது கிளப்பிவிட்ட ராத்திரி
வரிசை கட்டும்.
லிட்டருக்கு முப்பது காசு மிச்சம்,
நாற்பது நிமிசம் இன்ஜினை ஓடவிட்டு.

படைப்புக்குச் சென்னையிலிருந்து வருகிற கார்கள்
ஊருக்குள் நுழையும்போது போடுவதில்லை.
போட்டால்
குன்றக்குடிக்கு ஒரு நடை,
பிள்ளையார்பட்டிக்கு ஒரு நடை,
சித்தப்பா வீட்டு ஆள்களை ரயிலடியில் விட ஒரு நடை.
வண்டியில டீசல் இல்லையே என்று சொல்ல
ஒரு முகாந்திரம் வேண்டும்.
திரும்பும்போது போடுவார்கள்,
அதுவும் திருச்சி வரைக்கும்.

ஆம்புலன்ஸ் செபஸ்தியான்
முக்கால் இருந்தாலும் வந்து நிற்பான்.
ஏன் என்று கேட்டேன்.
"ஒரு தடவை திருமயம் தாண்டி…"
என்று ஆரம்பித்தான்.
பிறகு
"எவ்வளவு ஆச்சு?" என்றான்.

அடைக்கலம் வேறு கணக்கு.
வெள்ளை டிசையர், மஞ்சள் போர்டு.
காலையில் முந்நூறு,
மதியம் இருநூறு,
சவாரி வந்தால் இன்னொரு நூறு.
பெட்ரோல் இல்லை என்று எரிகிற அந்தச் சின்ன விளக்கு
அவன் வண்டியில் அணைந்து பார்த்ததில்லை.
"கருப்பர் கோயில் விளக்காப்பா அது?"
சிரிக்கவில்லை.
"வண்டி நம்மது இல்லக்கா.
மிச்சம் விட்டா, ராத்திரி ஓனரு மச்சினன்
காரைக்குடிக்குப் புரோட்டா திங்கப் போவான்.
காலையில என் பேட்டாவுல பிடிப்பாங்க."

அதனால் அளந்து ஓட்டினான்.
ஷெட்டில் நிற்கும்போது
டேங்கில் காற்றுதான் இருக்கும்,
மறுநாள் இங்கே வந்து சேர
ரெண்டு கிலோமீட்டருக்கு மேலே
ஒரு மூச்சு.

ஆவணிக் கடைசி முகூர்த்தம் முடிந்த சாயங்காலம்
வந்து நின்றான்.
மூன்று விரலைக் காட்டினேன்.
"ஃபுல்லு."
காதில் சரியாக விழவில்லையோ என்று பார்த்தேன்.
"ஃபுல்லுக்கா."

நாசில் தானாக டக்கென்று நிற்கிற சத்தத்தை
அவன் வண்டியில் அன்றைக்குத்தான் கேட்டேன்.
அதுவரை ஜீரோவையும் பார்க்கவில்லை அவன்,
ஓடுகிற எண்ணையும் பார்க்கவில்லை.
இறங்கி, ரோட்டைப் பார்த்து நின்றிருந்தான்.
மூவாயிரத்து அறுநூற்றுச் சொச்சம்.
எல்லாம் ஐம்பதும் நூறுமாக,
எச்சில் தொட்டு எண்ணிக் கொடுத்தான்.
எங்கே போறே என்று
நான் கேட்கவில்லை.

மறுநாள் காலை
அதே வண்டி. ஸ்டியரிங்கில் மச்சினன்.
"இதுல எவன் ஃபுல் அடிச்சது?
நேத்துச் சாவியக் குடுத்துட்டு
வேலைய விட்டுப் போயிட்டான்.
காசும் கேக்கல.
தண்ணி கிண்ணி கலந்திருக்கான்னு பாரு."

மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன்.
பெட்ரோல்தான் என்றேன்.
அவன் என்னையும் சேர்த்து நம்பவில்லை.
ஒரு வாரம் யாரும் அந்த வண்டியைத் தொடவில்லை
என்று அப்புறம் கேள்வி.

பத்து மணிக்கு ஷிப்ட் முடிந்து
என் ஸ்கூட்டியை எடுக்கிறேன்.
முள் சிவப்பில்.
சிவப்புக்குக் கீழேயும்
பதினாறு கிலோமீட்டர் கிடக்கிறது,
எனக்குத் தெரியும்.
வீடு ஏழு.
போய் வரப் பதினாலு.

நாளைக்குப் போட்டுக்கலாம்.